கரு கலைந்தது கர்த்தருடைய சிட்சையா? அம்மாபேட்டைச் சகோதரியின் கேள்விக்கு ஒரு பதில்

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். கணவர் விசைத்தறி வைத்திருக்கிறார். தீபாவளி ஆர்டர் நெருக்கியதால் சில வாரங்கள் ஞாயிற்றுக்கிழமையும் தறி ஓடியது. இருவரும் ஆராதனைக்குப் போகவில்லை. தீபாவளி முடிந்த சில நாள்களில் நான்காம் மாதக் கரு கலைந்துவிட்டது. ஜெபக்குழுவின் பெரியவர் ஒருவர் வீட்டுக்கு வந்து எபிரெயர் 12:6ஐ வாசித்து, "ஓய்வுநாளை அசட்டை செய்தீர்கள், கர்த்தர் சிட்சித்தார், நேசிப்பதால்தான் சிட்சித்தார், ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்று சொல்லி, கொடுத்த காபியையும் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். சிட்சை என்றால் தகப்பன் பிள்ளையைக் கண்டித்துத் திருத்துவது. சகோதரி கேட்பது மூன்று. அவர் சொன்னது உண்மையா? உண்மையென்றால் இப்படி அடிக்கிறவரை எப்படி நேசிப்பது? பொய்யென்றால் வேதத்தில் இருக்கும் அந்த வசனத்தை என்ன செய்வது?

நான் போதகர் அல்ல. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். சேலத்தில் வேதபாட வகுப்பு நடத்துகிறவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: உண்மையில்லை. அந்தப் பெரியவருக்கு அப்படிச் சொல்ல வேதம் எந்த அதிகாரமும் கொடுக்கவில்லை.

மருத்துவர் உங்களிடம் சொல்லியிருப்பார், இருந்தாலும் எழுதிவிடுகிறேன். உறுதிசெய்யப்பட்ட கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை கலைந்துவிடுகின்றன. பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள் நடப்பவை அவை. அப்படிக் கலைபவற்றில் ஏறத்தாழ பாதிக்குக் கருவின் குரோமோசோம்களில் ஏற்படும் பிழையே காரணம். நான்காம் மாதத்தில் கலைவது அதைவிடக் குறைவு. அப்போது கர்ப்பப்பை வாயின் பலவீனம், தொற்று, கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, தைராய்டு என்று பார்க்க வேண்டியவை வேறு சில இருக்கின்றன. ஆகவே அடுத்த கர்ப்பத்துக்கு முன் மகப்பேறு மருத்துவரிடம் போய்க் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாதது அந்தக் காரணங்களின் வரிசையில் இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஞாயிறு அன்றும் தறி ஓட்டிய கிறிஸ்தவ வீடுகள் அம்மாபேட்டையில் எத்தனை, அவற்றில் எத்தனை வீட்டில் குழந்தை நல்லபடியாகப் பிறந்து தவழ்கிறது என்று அந்தப் பெரியவரே ஒருநாள் நடந்துபோய் எண்ணிப் பார்க்கலாம்.

மூன்றாவது கேள்வியை இப்போது எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவதற்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

எபிரெயர் 12:6 இதுதான்: "கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சித்து, தாம் சேர்த்துக்கொள்ளுகிற எந்த மகனையும் தண்டிக்கிறார்." வசனத்தை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்தால், பாவம் செய்தவனை அப்பா அடிக்கிறார் என்றே தோன்றும். யாருக்கு எழுதப்பட்டது என்று இரண்டு அதிகாரம் பின்னால் போய்ப் பாருங்கள். 10ஆம் அதிகாரம் 32 முதல் 34 வரை. இவர்கள் விசுவாசத்துக்கு வந்த புதிதில் எல்லார் முன்னிலையிலும் நிந்திக்கப்பட்டார்கள். சிறையில் இருந்தவர்களுக்காகப் பரிதபித்தார்கள். தங்கள் ஆஸ்திகளைக் கொள்ளையிடக் கொடுத்தார்கள். அதையும் சந்தோஷமாய்க் கொடுத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தறி ஓட்டியதற்காக வந்த நஷ்டம் இல்லை அது. இயேசுவை விடமாட்டேன் என்று நின்றதற்காக வந்த நஷ்டம். சரியானதைச் செய்தவர்கள், அதற்காகவே பாடுபட்டவர்கள். அவர்களிடம்தான் நிருபக்காரர், அதாவது இந்தக் கடிதத்தை எழுதியவர், சிட்சையைப் பற்றிப் பேசுகிறார்.

நம் ஊர்ப் பிரசங்கங்களில் அடிக்கடி தாண்டிப் போய்விடுகிற இடம் இதுதான். சிட்சை என்றாலே அதற்கு முன்னால் ஒரு குற்றம் இருந்தாக வேண்டும் என்று நாமாக முடிவுகட்டிவிடுகிறோம். அந்த அதிகாரம் அப்படிச் சொல்லவில்லை. தொடங்கும்போதே, சிலுவையைச் சகித்த இயேசுவைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறது. அதே நிருபத்தின் 5:8, அவர் குமாரனாயிருந்தும் பட்டபாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்கிறது. பாவமே இல்லாத குமாரனுக்கும் பாடுகள் வழியாக ஒரு பயிற்சி இருந்தது என்றால், பாடுபடுகிற ஒவ்வொரு வீட்டிலும் "என்ன பாவம்?" என்று கிண்டிக்கொண்டிருப்பது எந்த விதத்தில் நியாயம்?

பாவத்துக்காகக் கர்த்தர் கண்டித்ததே இல்லையா என்று கேட்டால், உண்டு. மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வேதத்தில் அப்படி நடந்த இடங்களை எடுத்துவைத்துப் பாருங்கள். தாவீதிடம் நாத்தான் தீர்க்கதரிசி வந்து, "நீயே அந்த மனுஷன்" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். செய்தது இன்னதென்று, தாவீது கொல்லவைத்த உரியாவின் பெயரைச் சொல்லியே சொன்னார். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியபோது கர்த்தருடைய பந்தியில் அவர்கள் நடந்துகொண்ட விதத்தை விவரமாக எழுதினார்: ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான் என்று. வெளிப்படுத்தல் புத்தகத்தில் இயேசு லவோதிக்கேயா சபைக்கு "நான் நேசிக்கிறவர்களெவர்களோ அவர்களைக் கடிந்துகொண்டு சிட்சிக்கிறேன்" என்று சொல்வதற்கு முன்னால், குளிருமில்லை அனலுமில்லை, வெதுவெதுப்பாய் இருக்கிறாய் என்று காரணத்தைச் சொல்லிவிட்டார். ஒருவரையும் இருட்டில் நிறுத்தி, ஏன் அடித்தேன் என்று நீயே கண்டுபிடி என்று விடவில்லை. காரணம் சொல்லாமல் பிள்ளையின் உயிரை எடுத்துவிட்டு, அதை ஊகித்துச் சொல்ல ஜெபக்குழுப் பெரியவரை அனுப்பிவைக்கிறவர் வேதத்தில் இருக்கிற கர்த்தர் இல்லை.

தாவீதைக் குறிப்பிட்டதால் இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்; இல்லாவிட்டால் யாராவது உங்களிடம் சொல்வார்கள். தாவீதின் குழந்தை இறந்தது உண்மை. 2 சாமுவேல் 12ஆம் அதிகாரம் படிக்கக் கடினமான பகுதி, எனக்கும் கடினமானதுதான். அந்த ஒரு சம்பவத்தை எடுத்து, குழந்தை இறந்த வீடெல்லாம் தாவீதின் வீடு என்று சட்டமாக்க முடியாது. குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் 18:20இல் கர்த்தரே சொல்கிறார். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம், இவனா பெற்றவர்களா என்று சீஷர்கள் கேட்டபோது இயேசு இருவருமில்லை என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, செத்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அவரே இல்லை என்று பதிலும் சொன்னார். இத்தனைக்குப் பிறகும் ஒருவர் உங்கள் கருவையும் உங்கள் ஞாயிற்றுக்கிழமையையும் முடிச்சுப்போடுகிறார் என்றால், அவர் சீஷர்கள் கேட்ட அதே கேள்வியைக் கேட்டுவிட்டு, இயேசு சொன்ன பதிலைக் கேட்காமல் எழுந்துபோய்விட்டவர்.

இனி யோபுவின் சிநேகிதர்களுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

யோபு பத்துப் பிள்ளைகளை ஒரே நாளில் இழந்தார். மூன்று சிநேகிதர்கள் வந்தார்கள். ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஏழு நாள் அவர்கள் செய்ததில் ஒரு குறையும் இல்லை. பிறகு வாயைத் திறந்தார்கள். முதலில் பேசியவர் எலிப்பாஸ். அவர் சொன்னதில் ஒரு வரி, யோபு 5:17: "இதோ, தேவன் தண்டிக்கிற மனுஷன் பாக்கியவான், ஆகையால் சர்வவல்லவருடைய சிட்சையை அற்பமாக எண்ணாதிரும்." இதையும் எபிரெயர் 12:5ஐயும் அருகருகே வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே உபதேசம். எலிப்பாஸ் வேதத்துக்கு விரோதமாக எதையும் சொல்லவில்லை. அவர் பேச்சிலிருந்து இன்னொரு வரியைப் பவுலே 1 கொரிந்தியர் 3:19இல் மேற்கோள் காட்டுகிறார். ஆனால் புத்தகத்தின் முடிவில், 42:7இல், கர்த்தர் அதே எலிப்பாசின் பெயரைச் சொல்லி அழைத்து, உன்மேலும் உன் இரண்டு சிநேகிதர்மேலும் எனக்குக் கோபம் மூளுகிறது, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய், அதாவது சரியாய்ப் பேசவில்லை என்றார். கத்தியவரும் கேள்வி கேட்டவரும் பிறந்த நாளைச் சபித்தவரும் யோபுதான். அவரைப் பற்றித்தான் நிதானமாய்ப் பேசினார் என்கிறார்.

சிட்சையைப் பற்றிய உபதேசம் உண்மையானது. அதை எடுத்து அடுத்தவன் காயத்தின்மேல் ஒட்டியதற்காகக் கர்த்தர் ஒருவர்மேல் கோபப்பட்டிருக்கிறார் என்பதும் உண்மை. இதைப் படித்த பிறகு, துக்க வீட்டுக்குப் போகும் எந்த ஊழியக்காரருக்கும் கொஞ்சமாவது நாக்கு தடுமாற வேண்டும்.

அப்படியானால் இந்த உபதேசத்தை யார் பேசலாம்? 119ஆம் சங்கீதக்காரர் பேசுகிறார்: "நான் உபத்திரவப்பட்டது எனக்கு நல்லது, அதினால் உமது பிரமாணங்களைக் கற்றுக்கொள்ளுகிறேன்." பட்டவர் பேசுகிறார், தன்னைப் பற்றிப் பேசுகிறார், பட்டு முடித்துக் காலம் கடந்த பிறகு பேசுகிறார். எபிரெயர் 12:11ம் அதற்கு இடம் கொடுக்கிறது: எந்தச் சிட்சையும் தற்காலத்தில் சந்தோஷமாய்க் காணாமல் துக்கமாய்க் காணும், பலன் பிற்காலத்தில்தான். துக்கமாய்க் காண்கிற காலத்தில் துக்கப்படலாம் என்று வசனமே சொல்கிறது. கரு கலைந்த வாரத்தில் ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னவர் அந்த வசனத்தைவிட வேகமாக ஓடுகிறார்.

ஜான் கால்வின் என்ற சீர்திருத்தவாதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நியாயாதிபதி பழிவாங்கத் தண்டிப்பது வேறு, தகப்பன் திருத்தச் சிட்சிப்பது வேறு, தேவனுடைய பிள்ளைகளுக்கு இரண்டாவது மட்டுமே என்று தெளிவாகப் பிரித்து எழுதியவர் அவர். அவருக்கு 1542இல் ஒரு மகன் பிறந்தான். குறைமாதப் பிரசவம்; பிள்ளை தங்கவில்லை. கால்வின் தன் நண்பர் வீரேவுக்கு எழுதிய கடிதத்தில், கர்த்தர் எங்களுக்குக் கசப்பான காயத்தை உண்டாக்கியிருக்கிறார், ஆனால் அவரும் ஒரு தகப்பன், தம் பிள்ளைகளுக்கு எது நல்லதென்று அவருக்குத் தெரியும் என்று எழுதினார். காயம் கசப்பானது என்பதை அவர் மூடி மறைக்கவில்லை. எந்தப் பாவத்துக்காக என்று தேடவும் இல்லை. ஆனால் பல ஆண்டுகள் கழித்து ஒரு எதிராளி, கால்வினுக்குப் பிள்ளை இல்லை என்பதை ஒரு குறையாகச் சுட்டிக்காட்டி ஏளனம் செய்தார். கர்த்தர் ஒரு மகனைக் கொடுத்தார், எடுத்துக்கொண்டார்; கிறிஸ்தவ உலகம் எங்கும் எனக்கு ஆயிரமாயிரம் பிள்ளைகள் என்று கால்வின் பதில் சொன்னார். அதே 1542இல்தான் மார்ட்டின் லூத்தரின் மகள் மக்தலேனா 13 வயதில் இறந்தாள். புராட்டஸ்டண்ட் சபைகளின் இரண்டு பெரிய தூண்கள், ஒரே ஆண்டு, இரண்டு சவப்பெட்டிகள். பிள்ளை இறப்பது பாவத்தின் சம்பளச் சீட்டு என்றால், நம் சபைகளின் வரலாற்றையே திருத்தி எழுத வேண்டியிருக்கும்.

இப்போது இரண்டாவது கேள்வி. அடிக்கிறவரை எப்படி நேசிப்பது?

நம் வீடுகளில் "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று ஒரு பழமொழி இருக்கிறது. சபையில் இந்த வசனத்தை விளக்கும்போதெல்லாம் யாராவது அதைச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தப் பழமொழியில் பயம் உண்டு. குடித்துவிட்டு வந்து பெல்ட்டால் அடித்த அப்பாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளையிடம், உன் பரலோகப் பிதாவும் அப்படித்தான், கொஞ்சம் பெரிய அளவில் என்று சொன்னால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? பள்ளியில் பிரம்பு வைத்திருந்த ஆசிரியர்களோடு வேலைபார்த்தவன் நான். 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதைத் தடைசெய்தபோது, ஆசிரியர் அறையில் சிலர் நீதிமொழிகளில் பிரம்பைப் பற்றி வரும் வசனங்களைச் சொல்லி முணுமுணுத்தார்கள். அவர்களில் ஒருவர்கூட ஒரு பிள்ளையைப் பிரம்பால் அடித்துவிட்டு அன்று மாலை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் விசாரித்ததாக எனக்கு நினைவில்லை.

நிருபக்காரருக்கும் இந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. 12:10ஐப் பாருங்கள். நம் தகப்பன்மார் தங்களுக்கு நலமென்று தோன்றினபடி கொஞ்சக்காலம் சிட்சித்தார்கள். இவரோ நம்முடைய பிரயோஜனத்துக்காகவே சிட்சிக்கிறார் என்கிறார். தங்களுக்குத் தோன்றினபடி! கோபம், கடன், களைப்பு, மேலாளர் திட்டியது, மாமியார் பேசியது எல்லாம் அந்த ஒரு சொற்றொடரில் அடங்கிவிடுகிறது. தேவனை நம் அப்பாவின் பெரிய பிரதியாக அந்த வசனம் வரையவில்லை. நம் அப்பாக்கள் எங்கே தவறினார்களோ அங்கே அவர் தவறுவதில்லை என்கிறது. புலம்பல் 3:33ம் இதையே சொல்கிறது: அவர் மனப்பூர்வமாய் மனுபுத்திரரைச் சிறுமையாக்கிச் சஞ்சலப்படுத்துகிறதில்லை. எருசலேம் எரிந்து சாம்பலான பிறகு எழுதப்பட்ட புத்தகத்தில் இருக்கிற வரி இது.

இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இல்லாவிட்டாலும் படிக்கிற வேறு யாருக்காவது வேண்டியிருக்கும். கணவன் மனைவியை அடிப்பது கர்த்தருடைய சிட்சை ஆகாது. அப்படிச் சொல்லி ஒரு பெண்ணைப் பொறுத்துப்போகச் சொல்கிற போதகர் எலிப்பாசைவிட மோசமானவர்.

சிட்சையைப் பற்றி மோசே பேசும் இடம் ஒன்று உண்டு, உபாகமம் 8. ஒருவன் தன் புத்திரனைச் சிட்சிக்கிறதுபோல உன் தேவனாகிய கர்த்தர் உன்னைச் சிட்சிக்கிறார் என்பது 5ஆம் வசனம். அதற்கு முந்தைய வசனம் என்ன தெரியுமா? இந்த நாற்பது வருஷமும் உன்மேலிருந்த வஸ்திரம் பழையதாய்ப் போகவும் இல்லை, உன் கால் வீங்கவும் இல்லை. நெசவு வீட்டில் இருக்கிற உங்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஒரு துணி எத்தனை துவைப்புக்குத் தாங்கும் என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பசி இருந்தது, மன்னாவும் இருந்தது. வனாந்தரம் இருந்தது, வீங்காத காலும் இருந்தது. சிட்சிக்கிறவர் அந்த நாற்பது வருஷமும் பிள்ளையின் காலைக் கவனித்துக்கொண்டே கூட நடந்திருக்கிறார். நேசம் என்று வேதம் சொல்வது இந்தக் கூட நடத்தலை. அடியை மட்டும் வைத்துக்கொண்டு நேசத்தைத் தேடினால் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

என் அப்பா ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்தார். பறிப்பு முடிந்ததும் கவாத்து, அதாவது வேண்டாத கிளைகளை வெட்டுவது, தொடங்கும். கவாத்து முடிந்த தோட்டத்தைப் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். நன்றாக இருந்த செடியை ஏன் இப்படி மொட்டையடித்தார்கள் என்று கேட்பார்கள். அப்பா ஒவ்வொரு செடியையும் சுற்றிவந்து பார்த்துவிட்டுத்தான் ஆளிடம் கை காட்டுவார். நடுத்தண்டிலிருந்து நேராகக் கிளம்பி மேலே ஓடுகிற போத்தைக் கையாலேயே ஒடித்துவிடுவார்கள். அது காய்க்காது, சத்தை மட்டும் இழுக்கும். ஒன்றின்மேல் ஒன்று படர்ந்து வெளிச்சத்தை மறைக்கிற கிளை போகும். அளவுக்கு மீறிக் காய்த்து ஓய்ந்துபோன கிளை போகும். அதை விட்டுவைத்தால் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்து செடியையே கொண்டுபோய்விடும். மார்ச், ஏப்ரலில் பூ மழை என்கிற கோடை மழை விழும்போது மிச்சமிருக்கிற கிளையெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். நான் சொல்ல வருவது பூவைப் பற்றி இல்லை. பட்டுப்போன செடிக்குக் கவாத்து கிடையாது, அதைப் பிடுங்கிவிடுவார்கள். கத்தி படுவது உயிரோடு இருக்கிற செடியில், காய்க்கிற செடியில். யோவான் 15:2 இதைத்தான் சொல்கிறது: கனிகொடுக்கிற கொடி எதுவோ, அது அதிக கனிகளைக் கொடுக்கும்படி, அதைச் சுத்தம்பண்ணுகிறார். அடுத்த வசனத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நான் உங்களுக்குச் சொன்ன உபதேசத்தினாலே நீங்கள் இப்பொழுதே சுத்தமாயிருக்கிறீர்கள் என்கிறார். அவர் கையில் இருக்கும் கத்தி அவருடைய வார்த்தை.

தயவுசெய்து இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் குழந்தை கவாத்தில் விழுந்த கிளை என்று நான் சொல்லவில்லை. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு தாய்க்குப் பாடம் கற்பிக்க உபயோகிக்கிற கருவி இல்லை ஒரு குழந்தை. கவாத்தில் போவது நம்மிடத்தில் இருக்கிற பெருமை, பயம், பண ஆசை, மற்றவரை அளக்கிற புத்தி.

வார்த்தை என்கிற கத்தி எப்படி வேலைசெய்யும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், பெயர் வேண்டாம். வியாபாரியிடம் சொன்ன டச் (வெள்ளியின் சுத்த அளவு) ஒன்று, கொடுத்த சரக்கில் இருந்த டச் கொஞ்சம் குறைவு. யாரும் கண்டுபிடிக்கவில்லை. கடையில் நல்ல லாபம், வீட்டில் எல்லாரும் நலம், எந்த விபத்தும் இல்லை. அவருக்குத் தூக்கம் மட்டும் போய்விட்டது. வேதத்தைத் திறந்தால் கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது என்ற வசனமே கண்ணில் படுகிறது என்று சொல்லி, வேதம் வாசிப்பதை நிறுத்தினார். அப்போதும் தூக்கம் வரவில்லை. கடைசியில் வியாபாரியிடம் போய் உள்ளதைச் சொல்லி, குறைந்த வெள்ளிக்குப் பணம் கொடுத்தார். அந்த வியாபாரி பிறகு அவருக்கு ஆர்டர் தரவேயில்லை. "அந்த ராத்திரிகள்தான் சிட்சை, ஐயா. என்னை விட்டிருந்தால் நான் அப்படியே போயிருப்பேன்" என்று அவரே சொன்னார். நான் சொல்லவில்லை. "இரவும் பகலும் என்மேல் உம்முடைய கை பாரமாயிருந்தது" என்று 32ஆம் சங்கீதத்தில் தாவீது சொல்வது இந்த மாதிரி ஒரு பாரத்தைத்தான். என்ன குற்றம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதை எப்படிச் சரிசெய்வது என்றும் தெரிந்திருந்தது. சரிசெய்தவுடன் பாரம் இறங்கியது. இவர் வீட்டுக்கு எந்தப் பெரியவரும் வசனத்தோடு வரவில்லை. லாபத்தில் இருக்கிறவன் சிட்சையில் இருக்கிறான் என்று யாரும் சந்தேகப்படுவதில்லையே.

உங்கள் மனத்தில் ஞாயிறு ஆராதனையை விட்டது உறுத்துகிறதா? உறுத்தினால் அதைக் கர்த்தரிடம் சொல்லுங்கள், அடுத்த ஞாயிறு போங்கள். அவ்வளவுதான் அந்த விஷயம். அதற்கு உங்கள் குழந்தையை விலையாகக் கேட்கிறவர் அவர் இல்லை. நமக்குச் சமாதானத்தை உண்டுபண்ணும் ஆக்கினை அவர்மேல் வந்தது என்று ஏசாயா 53 சொல்கிறது. சிலுவையில் தீர்ந்துபோன கணக்கை அம்மாபேட்டையில் மறுபடி திறக்க யாருக்கும் உரிமை இல்லை.

என் குழந்தை ஏன் போனது என்று நீங்கள் கேட்டால், எனக்குத் தெரியாது. யோபுவுக்கும் கடைசிவரை காரணம் சொல்லப்படவில்லை. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள்ளை எடுக்கச்சொல்லி மூன்றுதரம் வேண்டினார், முள் எடுபடவில்லை. "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. சில வேளைகளில் இதைச் சொல்கிறவர்கள்மேல் எனக்கே எரிச்சல் வரும். அந்தப் பதிலைப் பவுல் கர்த்தரிடமிருந்தே நேராகக் கேட்டார், எவரும் அவர் வீட்டு வாசலில் வந்து சொல்லவில்லை.

ஜெபக்குழுப் பெரியவரை என்ன செய்வது? அவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆனால் இந்தப் பேச்சு என்னைக் காயப்படுத்தியது, இனி என் வீட்டில் இதைப் பேச வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொல்லத் தயக்கமாக இருந்தால் போதகரம்மாவிடம் சொல்லி அவர் மூலமாகச் சொல்லுங்கள். பெரியவர் வசனத்தை எடுத்தால், அதே அதிகாரத்தில் இன்னும் ஆறு வசனம் தள்ளிப் படிக்கச் சொல்லுங்கள். நெகிழ்ந்த கைகளையும் தளர்ந்த முழங்கால்களையும் திரும்ப நிமிர்த்துங்கள், முடமாயிருக்கிறது பிசகிப்போகாமல் சொஸ்தமாகும்படி வழியைச் செவ்வைப்படுத்துங்கள் என்று இருக்கும். சபைக்குக் கொடுக்கப்பட்ட வேலை அது. சோறு பொங்கிக் கொண்டுவந்து வைப்பது, பாத்திரம் கழுவிக் கொடுப்பது, ஆஸ்பத்திரிக்குத் துணையாக வருவது எல்லாம் அந்த 12ஆம் வசனத்தில் அடங்கும். உங்கள் குழுவில் அப்படி வந்தவர்கள் இருந்தால் அவர்களோடு இருங்கள். ஒருவருமே இல்லையென்றால் வேறு குழுவுக்குப் போங்கள், அதில் தப்பில்லை. ஆராதனையை மட்டும் இவருக்காக விட்டுவிடாதீர்கள்.

கொஞ்ச நாளைக்கு எபிரெயர் நிருபம் வேண்டாம். 88ஆம் சங்கீதம் படியுங்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை அழுகைதான். மற்ற சங்கீதங்களைப்போல் கடைசியில் ஸ்தோத்திரத்துக்குத் திரும்புவதில்லை. அப்படியொரு ஜெபத்தையும் கர்த்தர் தம் புத்தகத்தில் வைத்திருக்கிறார்.

இன்னொரு விஷயம். உங்கள் கடிதம் முழுவதும் உங்களைப் பற்றியே இருக்கிறது, அது இயல்பு. ஆனால் தறியை ஓட்டியவர் உங்கள் கணவர். ஆர்டரை ஒத்துக்கொண்டவரும் அவர். பெரியவர் சொன்னதை அவரும் பக்கத்தில் நின்று கேட்டிருப்பார். கரு கலைந்தால் நம் ஊரில் பெண்ணிடமாவது நாலு பேர் விசாரிப்பார்கள். ஆணிடம் யாரும் கேட்பதில்லை, மறுநாளே தறியில் நின்றுவிடுவார். தன்னால்தான் பிள்ளை போனது என்று அவர் உள்ளுக்குள் நம்பிக்கொண்டிருக்கக்கூடும். இதை அவரிடம் படிக்கக் கொடுங்கள். வாசிக்கப் பொறுமை இல்லையென்றால், எலிப்பாசைப் பற்றிய பகுதியை மட்டும் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அவருக்குத் தனியாக ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் எழுதச் சொல்லுங்கள், பதில் எழுதுகிறேன்.